எடுத்துச்சொல்லி

விளக்கம் என்பது மேசையை ஒட்டிப் புழங்குகிற சொல். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் விளக்கம் கேட்பார், இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவர் விளக்கம் கொடுப்பார். தெளிவுபடுத்துவது அறிக்கை விடுகிறவர்களின் வேலை. சமையலறையிலும் மாடிப்படியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் மனிதர்கள் சொல்வது வேறு. "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்" என்பார்கள். கேட்பதற்கு என்னவோ இதமாகத்தான் இருக்கும். ஆனால் யாருக்கு எடுத்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். மேலே இருப்பவரிடம் கேட்டுப் பார்ப்பார்கள், கெஞ்சிப் பார்ப்பார்கள். கீழே இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் எடுத்துச் சொல்வார்கள். எதையோ இழக்கப்போகிறவர் அதைச் சத்தம் போடாமல் இழக்க வேண்டுமே, அதற்காக.

சலவை ஆலையில் மேற்பார்வை பார்த்த பெண்ணுக்கு இந்தச் சொல்லே பெயராகிவிட்டது. நேரில் அக்கா என்பார்கள். அவள் அந்தண்டை போனதும் எடுத்துச்சொல்லி. அவளுக்கு அது தெரியும். தெரிந்து பெருமைப்பட்டாள் என்பதுதான் கொடுமை. யாரோ கேலியாக வைத்த பெயரைப் பட்டம் கிடைத்ததுபோல் சுமந்துகொண்டு திரிந்தாள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. முன்கட்டில் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் தண்ணீரைப் பிழிவது, கடைசியில் இஸ்திரி உருளை. ஆள் உயரத்தைவிட அகலமான, கொதிக்கும் இரும்பு உருளை. இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து நீட்டினால் அது உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அப்பளம்போல் விறைப்பாகத் துப்பும். ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தாலும், விடுமுறையைப் பிடுங்க வேண்டியிருந்தாலும், நெஞ்சு வலிக்கிறது என்கிற கிழவரை இனி வரவேண்டாம் என்று அனுப்ப வேண்டியிருந்தாலும் மேனேஜர் இவளைத்தான் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வரும், வாய் குளறும், பிறகு வயிறு எரியும். இவளுக்கு ஒன்றும் ஆகாது.

அவளிடம் ஒரு முறை இருந்தது. நாற்காலியை எதிரே போடமாட்டாள், பக்கத்தில் போடுவாள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு, "உங்கள மாதிரி ஆளு இங்க கிடையாது" என்று ஆரம்பம். அதன்பின் சின்னச் சின்னக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. வயசாகுது இல்லையா? ஆமாம். ராத்திரியில தூக்கம் வரலைன்னு நீங்களே சொன்னீங்க இல்லையா? ஆமாம். ஒரு நாள் இங்கயே விழுந்துட்டா உங்க வீட்ல என்ன பண்ணுவாங்க? இப்படிக் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கி, கடைசிப் படியில் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவாள். நான் போயிடறேம்மா என்று. அவர்கள் அதைச் சொல்லும் வரை விடமாட்டாள். விடிய விடிய ஆனாலும் அதே கனிந்த குரலில், முதலிலிருந்து, இன்னொரு தடவை. முடிவில் "புரியுதா?" என்பாள். "புரியுது" என்று காதில் விழுந்தபிறகுதான் எழுவாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இந்தக் கலையை அவள் யாரை வைத்துப் பழகினாள் என்றால், சொந்தத் தங்கையை வைத்து.

அப்போது அவளுக்குப் பாவாடை சட்டை வயது. தங்கை அவளைவிடச் சின்னவள், படிப்பில் படு சுட்டி. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவது என்று அப்பா தீர்மானித்தார். அடிக்கத் தயங்காத மனிதர், இதைச் சொல்ல மட்டும் தயங்கினார். "உன் பேச்சைக் கேப்பா, நீ எடுத்துச் சொல்லு" என்று பெரியவளிடம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது சின்னவள் தன் பையைத் தானே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. "அக்கா சொன்னா, புரியுதுப்பா" என்றாள். அப்பா அன்று பெரியவளின் தலையில் கை வைத்தார். அவர் கை அடிப்பதற்கல்லாமல் அவள் மேல் பட்டது அன்றைக்குத்தான். அந்தச் சூடு போதும், ஒரு குழந்தையைக் கெடுப்பதற்கு.

அடுத்தது கல்யாணம். முதல் மனைவி ஓடிப்போன, ஏன் ஓடிப்போனாள் என்று எவரும் கேட்காத ஒருவனுக்குத் தங்கையைப் பேசினார்கள். எடுத்துச் சொன்னது அக்கா. கன்னம் வீங்கித் திரும்பி வந்தபோது, அவனும் மனுசன்தானே என்று எடுத்துச் சொல்லிக் கொண்டுபோய் விட்டதும் அக்கா. ஒவ்வொரு தடவையும் அதே "சரிக்கா, புரியுது". இப்படி ஒரு தங்கை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்காக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் குடித்துச் செத்தபோது மட்டும் எவரும் எதையும் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு தங்கை தானாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. ஒரு காலை சலவை ஆலையின் கேட்டில் வந்து நின்று வேலை கேட்டாள். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லக்கூட இல்லை. இஸ்திரி உருளையில் வேலைக்கு நின்றாள். அந்தப் புழுக்கத்தில் மற்றவர்கள் வாடிப்போவார்கள், இவளுக்கோ முகம் தெளிந்தது. சூடான விரிப்புகளை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு போய் அடுக்குவாள். சாப்பாட்டு நேரத்தில் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். சைக்கிள் கடைக்கு மேலே தனியாக ஓர் அறை எடுத்தாள், ஜன்னலுக்குத் தானே திரை தைத்தாள். வாழ்க்கையில் அவளே கேட்டு வாங்கியது அந்த உருளை ஒன்றுதான்.

அந்த உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிட வேண்டும், அதற்காகச் செய்தது. ஆனால் கை மட்டுமா படும்? மடிந்த விரிப்பு பட்டாலும் நிற்கும், தடித்த போர்வை பட்டாலும் நிற்கும். நின்றால் மறுபடி ஓட்டிவிட்டுச் சீராவதற்குள் ஈரத் துணி மலைபோல் சேர்ந்துவிடும். ஆகவே கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, கம்பி அசையாதபடி தூணோடு சேர்த்துக் கட்டிவிடுவது அந்த இடத்து வழக்கம். மேனேஜர் கட்டச் சொல்லமாட்டார். "அந்தக் கம்பிய என்னன்னு பாருங்க" என்பார். பார்ப்பவள் எடுத்துச்சொல்லி. காலையில் வந்ததும் அவள் கையால் போடும் முடிச்சு அது.

ஒரு மதியம் விரிப்பின் முனை முறுக்கிக்கொண்டது. தங்கை அதை நீவிவிடக் கையை நீட்டினாள். துணியோடு கையும் உள்ளே போனது. கம்பி கட்டியபடி அப்படியே இருந்தது. யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் வலது கை வெந்துவிட்டது. அலறியது மற்றவர்கள்தான். தங்கை சத்தம் போடவில்லை. அந்த அமளியிலும் எடுத்துச்சொல்லி செய்த முதல் காரியம், முடிச்சை அவிழ்த்துக் கீற்றைப் பையில் போட்டுக்கொண்டதுதான். அதற்கப்புறம்தான் தங்கையைப் பிடித்தாள்.

விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இனி பிரியாது என்றார் டாக்டர். விஷயம் வெளியே போயிற்று. இயந்திரங்களைச் சோதிக்கிற அதிகாரி வந்து தங்கையை நேரில் விசாரிப்பார் என்று தகவல் வந்தது. கம்பி கட்டியிருந்தது என்று தங்கை சொன்னால் ஆலைக்காரர்கள் அவளைக் கடைசி வரை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், உட்கார்ந்து செய்யும் வேலையாவது கொடுத்தாக வேண்டும். கட்டியவளுக்கு வேலை போகும். நானே கவனமில்லாமல் கையை விட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டால் கட்டியவள் தப்புவாள், தங்கை கேட்டுக்கு வெளியே. இவ்வளவுதான் கணக்கு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உங்க தங்கச்சிய நாங்க கைவிட்டுடுவோமா, ஏதாவது பார்த்துப் பண்ணலாம், இப்ப இது பெருசாகாம இருக்கணும் என்று மென்று விழுங்கினார். கடைசியில் வழக்கமான வார்த்தைக்கு வந்து சேர்ந்தார்.

"நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அவள் அன்று சாயங்காலமே தங்கையின் அறைக்குப் போனாள். தங்கை கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால் தலையைச் சீவ முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அக்கா சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். அங்கே நாற்காலி இல்லாததால் இப்படி அமைந்தது. தங்கையின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. பேசி முடிக்கும் வரை அவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

வலிக்கிறதா, சாப்பிட்டாயா, உன்னைப் போலப் பொறுமைசாலி உண்டா என்று சுற்றி வந்துவிட்டு, சிக்கெடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"யாராவது உன்னப் பிடிச்சுத் தள்ளுனாங்களா?"

"இல்லக்கா."

"கைய நீட்டுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப அந்த அதிகாரி கேட்டா என்ன சொல்லுவே?"

"நானே கைய நீட்டுனேன்னு." தங்கை கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா கம்பியக் கட்டியிருந்துச்சேக்கா."

சீப்பு நின்றது. பிறகு மறுபடி ஓடியது, முன்னைவிட மென்மையாக.

"கட்டுனது யாரு?"

"நீ."

"நான் உனக்குக் கெட்டது நினைப்பேனா?"

"மாட்டே."

"அப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போகுது? உன் விரல் திரும்ப வந்துடுமா? எனக்கு வேலை போகும். எனக்கும் போச்சுன்னா உன்ன யாரு பார்ப்பா? நீயே யோசிச்சுச் சொல்லு."

தங்கை யோசித்தாள் போலும். அக்கா முதலிலிருந்து தொடங்கினாள். யாராவது தள்ளுனாங்களா. கைய நீட்டுனது யாரு. கீழே சைக்கிள் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள், தெருவிளக்கு எரிந்தது, தலையில் சிக்கெல்லாம் போய் முடி பட்டாகிவிட்டது. இவள் நிறுத்தவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் தேர்ந்த கை. கம்பி நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை என்று தங்கை ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னபிறகுதான் பின்னலை முடிந்தாள்.

"புரியுதா?"

"புரியுதுக்கா."

வீட்டுக்குத் திரும்பும்போது எடுத்துச்சொல்லிக்கு மனம் லேசாக இருந்தது. தங்கைக்கு நல்லது செய்துவிட்டோம் என்றே நினைத்தாள். அவள் பொய்க்காரி அல்ல. தான் எடுத்துச் சொன்னதை முதலில் நம்புகிறவள் அவள்தான்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். மேனேஜரை வெளியே இருக்கச் சொன்னார். மேற்பார்வையாளரும் போகலாம் என்றபோது தங்கைதான், அக்கா இருக்கட்டும் என்றாள். துணைக்குக் கேட்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார். அவர் இரைந்துகூடப் பேசவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். தங்கை சொன்னாள். கம்பி வேலை செய்ததா என்று கேட்டார். நன்றாக இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை என்றாள். கை பட்டால் நின்றிருக்க வேண்டுமே, ஏன் நிற்கவில்லை என்றார். அவள் அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். கம்பிக்குக் கீழே கையை விட்டேன், அவசரப்பட்டேன், தப்பு என்மேல்தான் என்றாள். அக்கா சொல்லிக்கொடுக்காத வாக்கியம் அது. அக்காவுக்கே உடம்பு சிலிர்த்தது.

அதிகாரி அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது உங்கள வற்புறுத்துனாங்களாம்மா?"

"வற்புறுத்தலைங்க. எல்லாம் எடுத்துச் சொல்லியிருக்காங்க."

அவர் பார்வை அக்காவிடம் திரும்பியது. அக்கா கனிவாகத் தலையசைத்தாள். அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டு போனார்.

அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் இவளைக் கூப்பிட்டார். தவறு தன்மேல்தான் என்று உங்கள் தங்கையே சொன்னபிறகு உள்ளே வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன பயம் இருக்கும், ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு இங்கே என்ன வேலைதான் செய்வார்கள் என்றார். ஏதாவது பார்த்துப் பண்ணலாம் என்று சொன்ன வாய் அதே வாய்தான். அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. மேலே பார்த்துப் பேச அவள் எந்தக் காலத்தில் பழகினாள்?

"இனிமே வர வேண்டாம்னு நீங்களே..." என்று அவர் இழுத்தார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

தங்கை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையை மற்றொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். வெயிலில் அக்கா வருவதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்று, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவதையும் பார்த்தாள்.

"வேணாங்கா. புரியுது" என்றாள்.

அக்காவுக்கு நிம்மதி. பாதி வேலை மிச்சம். தோளில் கை போட்டுக்கொண்டு, "அதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. சின்ன வயசுல இருந்து அப்படித்தான், ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னா டக்குனு புரிஞ்சுக்குவே" என்றாள்.

தங்கை அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். கோபமாக இல்லை, துணியை மடித்து ஓரமாக வைப்பதுபோல் விட்டாள்.

"எனக்கு எதுவும் புரிஞ்சதே இல்லக்கா. பள்ளிக்கூடம் ஏன் போகக் கூடாதுன்னு அன்னைக்கும் புரியல, இன்னைக்கும் தெரியாது. அவன்கிட்ட ஏன் திரும்பிப் போகணும்னும் புரியல. இப்பவும் புரியல. புரியுதுன்னு சொன்னாத்தான் நீ நிறுத்துவே. அதுக்காகத்தான் சொன்னேன்."

அக்கா வாயைத் திறந்தாள்.

"அப்பா அடிப்பாரு. ஒரு நேரத்துல கை வலிச்சு நிறுத்திடுவாரு. உனக்கு வலிக்கவே வலிக்காது."

பஸ் வந்தது. தங்கை இடது கையால் கம்பியை எட்டிப் பிடித்தாள், பிடி நழுவியது. அக்கா கை நீட்டினாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண் குனிந்து அவள் முழங்கையைப் பற்றி மேலே இழுத்துக்கொண்டாள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போனபிறகும் எடுத்துச்சொல்லி அங்கேயே நின்று, சொல்ல வேண்டிய பதிலை உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது அந்தப் பதில். அதைக் கேட்க ஆள் இல்லை.

மறுநாள் காலை, கம்பி கட்டப்படாமல் இருந்தது. அதிகாரிக்காக அவிழ்த்தது அவிழ்த்தபடி. உருளை ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். ஈர விரிப்புகள் குவிந்தன. மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அந்தக் கம்பிய என்னன்னு பாருங்க என்றார். தங்கை நின்ற இடத்தில் இப்போது நின்றவள், மடிக்கும் பகுதியிலிருந்து மாற்றப்பட்ட புதியவள். அன்று அலறியவர்களில் ஒருத்தி. கட்டாதீங்கக்கா, எனக்குப் பயமா இருக்கு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் எடுத்துச்சொல்லியைப் பார்த்தார். அவர் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

அவள் நாற்காலியைக் கொண்டுவந்து புதியவளுக்குப் பக்கத்தில் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். உன்ன மாதிரி சுறுசுறுப்பு இங்க யாருக்கு இருக்கு என்றாள். உருளை பெருசா, நீ உஷாரா இருக்கறது பெருசா என்றாள். பாதிக்கு வருவதற்கு முன்பே புதியவள் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

"புரியுதுக்கா."

எடுத்துச்சொல்லி பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டிராத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"என்ன புரிஞ்சுது?"

புதியவள் மிரண்டுபோனாள். அக்காவையும் மேனேஜரின் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுதாங்கா."

எடுத்துச்சொல்லி தண்ணீர் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு எழுந்து, பையில் துழாவிப் பழைய கீற்றை எடுத்தாள். கம்பியைத் தூணோடு சேர்த்துக் கட்டினாள். அசைகிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. ஓட்டு என்று கை காட்டினாள். அன்று சாயங்காலம் வரை உருளை ஒரு தடவைகூட நிற்கவில்லை.